நாம, நாங்க, அப்புறம் ஒரு நாப்பது பக்க நோட்டு

மக்களே, பதிவு போட்டு அஞ்சு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தின்னு வழக்கமான பொய்யைச் சொல்லித் தப்பிச்சிருக்கலாம். உண்மையான காரணம், நெய்வேலியில் வீடு காலி பண்ணிக்கொண்டிருந்தோம்.

நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மத்தவங்களுக்காகச் சொல்றேன். டவுன்ஷிப்பில் யாருக்கும் சொந்த வீடு கிடையாது. அப்பா ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைக்கணும். பொறந்ததிலிருந்து பார்த்த வேப்ப மரம், சைக்கிள் ஓட்டிப் பழகிய அகலமான ரோடு, ஷிஃப்ட் சங்கு, தூரத்தில் தெரியும் அனல்மின் நிலையப் புகைபோக்கி எல்லாத்துக்கும் ஒரே நாளில் டாட்டா. "உங்க ஊர் எது?"ன்னு கேட்டா நெய்வேலிக்காரன் ஒரு செகண்ட் முழிப்பான், கவனிச்சுப் பாருங்க. அப்பாவின் பணிக்காலம் வரைக்கும்தான் அது நம்ம ஊர்.

நிற்க. விஷயத்துக்கு வர்றேன். பரணைக் காலி பண்ணும்போது ஒரு நாப்பது பக்க கோடு போட்ட நோட்டு கிடைத்தது. அட்டையில் என் கையெழுத்தில், பெரிய எழுத்தில், "நேபாளி பாஷை - ரகசியம்" என்று எழுதியிருந்தது. பார்த்ததும் முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வரலை.

(கொசுவத்தி சுத்த ஆரம்பிக்கிறேன், பொறுத்துக்கோங்க.)

2008, நான் ஆறாங்கிளாஸ். சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் சி.ஐ.எஸ்.எஃப். பாதுகாப்பு என்பதால், எங்க டவுன்ஷிப்பில் இந்தியாவின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வந்து இரண்டு மூன்று வருஷம் இருந்துவிட்டு மாற்றலில் போவார்கள். அப்படி வந்தவன்தான் லியான் (பேர் மாற்றியிருக்கிறேன்). மணிப்பூர்க்காரன். அவன் அப்பா சி.ஐ.எஸ்.எஃப். ஹெட் கான்ஸ்டபிள். என் கிளாஸ், பக்கத்து பிளாக்.

நாங்க அவனுக்கு வைத்த பேர் 'நேபாளி'. வைத்தது நான்தான். அப்போ எனக்கு மணிப்பூர் எங்கே இருக்குன்னும் தெரியாது, நேபாளம் எங்கே இருக்குன்னும் தெரியாது. ஆனா அவனைப் பார்த்த அடுத்த நிமிஷம் அவன் யாருன்னு மட்டும் தெரிஞ்சுபோச்சு. அதுதான் பன்னிரண்டு வயசு. (பத்து வருஷம் கழிச்சு நொய்டாவில் ப்ராஜெக்ட்டுக்குப் போனபோது என்னை 'மதராஸி'ன்னு கூப்பிட்டாங்க. முகத்தை இறுக்கமா வச்சுக்கிட்டு "நான் தமிழ்நாடு"ன்னு திருத்தினேன். அன்னிக்கு ராத்திரி லியான் ஞாபகம் வந்தது. எதுவும் செய்யலை.)

லியான் ஆறே மாசத்தில் தமிழ் பேச ஆரம்பிச்சுட்டான். கிரவுண்டில் கத்துக்கொண்ட தமிழ், அதனால் முதல் பாதி முழுக்கக் கெட்ட வார்த்தை :-). ஒரு நாள் கிரிக்கெட் ஆட வந்தான். நான் கேப்டன். "நாங்க வெளையாடுறோம்டா, நீ அப்புறம் வா"ன்னு சொன்னேன். அவன் போகலை. "நாங்கன்னா என்ன? நேத்து மிஸ் 'நாம வெளையாடலாம்'னு சொன்னாங்களே, அது என்ன?"ன்னு கேட்டான். அவனுக்குத் தெரிந்த ஹிந்தியில் ரெண்டுக்கும் ஒரே 'ஹம்'தான். இங்கிலீஷிலும் ஒரே வார்த்தைதான். எனக்கு விளக்கத் தெரியலை. "நாமன்னா நீயும் சேர்த்தி. நாங்கன்னா நீ இல்லாம"ன்னு சொன்னேன். சொல்லும்போதே ஒரு மாதிரி இருந்தது. அவன் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

மறுநாள் சாயங்காலம் அவன் அப்பா என்னை வீட்டுக்குக் கூட்டிட்டு வரச் சொன்னார்னு வந்து நின்றான். செத்தோம்டான்னு நினைச்சேன். அங்கிள் திட்டவே இல்லை. பால் ஊத்தாத டீ கொடுத்தார். உடைந்த இங்கிலீஷில், "உங்க மொழியில் 'நாம்' ரெண்டு இருக்காமே? எங்க மொழியிலும் ரெண்டு இருக்கு"ன்னார். 'எய்' என்றால் நீயும் சேர்ந்த நாம. 'கோ' என்றால் நீ இல்லாத நாங்க. அவருக்கு அவ்வளவு சந்தோஷம். நாடு முழுக்க டியூட்டி பார்த்தவர். "ஹிந்திக்காரனுக்கு இது புரியவே புரியாது, உனக்குப் புரியும்"னு என் தோளைத் தட்டினார்.

அன்னிக்கு ஆரம்பிச்சதுதான் அந்த நோட்டு. கிளாஸில் ரகசியமாகப் பேசிக்கொள்ள எங்களுக்கு ஒரு பாஷை கிடைத்துவிட்டது. லியான் சொல்லச் சொல்ல நான் தமிழ் எழுத்தில் எழுதினேன். ஒன்று முதல் பத்து: கட், நி, தும், லி, ஙா, குக், சகி, கியட், குவா, சோம். அஞ்சுக்கு 'ஙா' என்று எழுதும்போது எனக்கு வந்த பெருமையைக் கேக்காதீங்க. ஒன்னாங்கிளாஸில் ங படிச்சதோட சரி, அந்த எழுத்துக்கு ஒரு வேலை கிடைச்சதே அன்னிக்குத்தான்!

வீடு 'இன்'. என் வீடு 'க இன்'. உன் வீடு 'ந இன்'. அவன் வீடு 'அ இன்'. தண்ணி 'துய்'. கோழி 'ஆக்'. 'நங்' என்றால் நீ. இந்த 'நங்' எங்களைப் படுத்தியது கொஞ்சமில்லை. நான் 'நாங்க'ன்னு ஆரம்பிச்சா அவன் 'நீ'ன்னு கேட்டுப்பான்.

அந்த மொழியின் பேர் பைத்தே. அப்போ அது பேர்கூட நான் கேட்கவில்லை. எனக்கு அது நேபாளி பாஷை, அவ்வளவுதான். 2011ல் அங்கிளுக்கு மாற்றல் வந்து கிளம்பிட்டாங்க. நோட்டு என்னிடமே தங்கிவிட்டது.

டிஸ்கி: நான் மொழியியல் படித்தவன் இல்லை, பொட்டி தட்டுறவன். ஆனா நோட்டு கிடைத்த பிறகு ரெண்டு மாசம் ராத்திரி ராத்திரி இதையேதான் தேடிப் படித்தேன். தெரிந்துகொண்டதில் கொஞ்சம் சொல்றேன்.

பைத்தே, திபெத்தோ-பர்மியக் குடும்பத்தில் குக்கி-சின் என்ற கிளையைச் சேர்ந்தது. மணிப்பூர், மிசோரம், அஸ்ஸாம், திரிபுரா, பர்மாவின் சின் மாநிலம், வங்காளதேசத்தின் சிட்டகாங் மலைகள் என்று பரவிக் கிடக்கிற ஐம்பது சொச்சம் மொழிகள் அந்தக் கிளையில் இருக்கின்றன. இதில் 'குக்கி', 'சின்' ரெண்டுமே வெளியாட்கள் வைத்துப் பரப்பிய பேர். கிரியர்சனின் இந்திய மொழிகள் ஆய்வில் 1904ல் வந்த ஒரு தொகுதி அந்தப் பேரை அச்சில் ஏற்றிவிட்டது. அந்த மொழிகளைப் பேசுகிற பலருக்கு அது பிடிக்கவில்லை என்பதால், இப்போது சில ஆய்வாளர்கள் 'தென் நடுக் கிளை' என்று பொதுவாகச் சொல்கிறார்கள். பைத்தே மக்களில் பலர் தங்களை ஜோமி என்று சொல்லிக்கொள்வார்கள். ஆக, அடுத்தவனுக்குப் பேர் வைக்கும் வியாதி எனக்கு மட்டும் இல்லை, வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இருக்கு. இது எனக்கு ஆறுதல் இல்லை, சும்மா தகவல்.

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பைத்தே பேசுபவர்கள் சுமார் 80 ஆயிரம் பேர். அதே கணக்கெடுப்பில் நெய்வேலி டவுன்ஷிப்பின் மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. யோசிச்சுப் பாருங்க மக்களே. இந்தியாவிலிருக்கும் அத்தனை பைத்தேக்காரர்களையும் எங்க டவுன்ஷிப்பில் குடிவைத்தாலும் சில பிளாக் காலியாகவே இருக்கும். இத்தனைக்கும் அந்தக் கூட்டத்தில் பைத்தே ஓரளவு பெரிய மொழிதான். பள்ளிக்கூடத்தில் பாடமாக இருக்கிறது. பத்தாயிரத்துக்குக் கீழே போய்விட்டால் கணக்கெடுப்புப் பட்டியலில் பேரே தனியாக வராது, 'மற்றவை'யில் போய்விடும். மணிப்பூரின் அய்மோல், புரும், தராவ் எல்லாம் அந்தக் கதிதான். நம்ம நீலகிரியின் தோடாவும் கோத்தாவும் அதே வரிசையில் நிற்கின்றன.

சரி, இந்த மொழிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம்? பெங்களூரில் இருக்கிறவங்களுக்கு டக்குன்னு புரியும். நாம பால்னா கன்னடத்தில் ஹாலு, பத்துன்னா ஹத்து. நம்ம ப அங்கே ஹ ஆகிவிடுகிறது. அதே மாதிரி பைத்தேயில் ஆறு, ஏழு, எட்டு: குக், சகி, கியட். மிசோவில்: ருக், சரி, ரியத். இங்கே க (நம்ம 'தங்கம்' க மாதிரி அழுத்திச் சொல்லணும்), அங்கே ர. தாடோவில் குப், சகி, கெட். கோழி பைத்தேயில் ஆக், மிசோவில் ஆர், தாடோவில் வெறும் ஆ. கோழி ஒன்னுதான், வால் மட்டும் ஊருக்கு ஊர் வெட்டுப்படுது :-). அங்கிளின் ஊரான சூராசாந்த்பூரில் (உள்ளூர்க்காரர்களுக்கு அது லாம்கா) பைத்தே, தாடோ, மார், வாய்ஃபேய், ஜோ, காங்தே, சிம்தே எல்லாம் ஒரே டவுனில் காதில் விழும்.

வால் மட்டும்தானே மாறுதுன்னு சொல்லிட்டேன். ஆனா அந்த வாலுக்குள்ளேதான் நாமும் நாங்களும் இருக்கு. 1997 ஜூனில் அதே சூராசாந்த்பூரில் குக்கிகளுக்கும் பைத்தேக்களுக்கும் மோதல் ஆரம்பித்து 1998 வரை நடந்தது. எண்ணிக்கையைக் கூட கிட்டத்தட்ட ஒரே மாதிரி சொல்கிறவர்கள். லியான் பிறந்தது 1997ல். அங்கிள் அப்போ வேற மாநிலத்தில் டியூட்டியில் இருந்தார், மகன் பிறந்த செய்தியே தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. இதெல்லாம் டீ கொடுத்த அந்த மனுஷன் ஒருநாளும் எங்களிடம் சொன்னதில்லை.

நம்ம யூனிகோட் ஆட்களுக்கு ஒரு துணுக்கு. பைத்தேவுக்கு மிக நெருங்கிய சொந்தம், பர்மா பக்கத்து தெதிம். அந்தப் பக்கத்தைச் சேர்ந்த பாவ் சின் ஹாவ் (1859-1948) என்பவர் 1902 வாக்கில் தன் மக்களுக்கு ஒரு புது எழுத்தையே உருவாக்கினார். முதலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறிகள். பிறகு அவரே குறைத்துக் குறைத்து 57க்குக் கொண்டுவந்தார். 2014ல் யூனிகோட் 7.0ல் அந்த எழுத்து ஏறிவிட்டது. நடைமுறையில் எல்லாரும் ரோமன் எழுத்தில்தான் எழுதுகிறார்கள். ஆனாலும் ஒரு மனுஷனின் பிடிவாதத்துக்கு நூறு வருஷம் கழிச்சு 57 இடம் கிடைச்சிருக்கு பாருங்க. எழுத்துரு பிரச்சினையில் மண்டை காய்ந்தவர்களுக்கு இது புரியும்.

இப்போ நோட்டுக்கு வர்றேன்.

லியானும் நானும் ஃபேஸ்புக் காலத்தில் மறுபடி சேர்ந்து, வாட்ஸப்பில் வருஷத்துக்கு ரெண்டு தடவை ஹேப்பி பர்த்டே சொல்கிற அளவுக்கு இருந்தோம். அங்கிள் ரிட்டயர் ஆகி இம்பாலில் வீடு கட்டினார். 2021ல் இறந்துபோனார். 2023 மே 3ஆம் தேதி மணிப்பூரில் கலவரம் வெடித்தது உங்களுக்குத் தெரியும். 250க்கும் மேற்பட்டவர்கள் செத்து, சுமார் 60 ஆயிரம் பேர் வீடு இழந்தார்கள். ரெண்டு பக்கமும் எரிந்த வீடுகள் உண்டு. அதில் லியான் வீடும் ஒன்று. ஆன்ட்டி கட்டின துணியோடு தப்பித்து, முகாமில் இருந்து, லாம்கா போய், இப்போ டெல்லியில் லியானோடு இருக்கிறார். அங்கிளின் யூனிஃபார்ம் போட்டோ, டைரி, டியூட்டி போன ஊர்களிலிருந்து எழுதிய கடிதங்கள் எல்லாமே போச்சு. "அப்பா கையெழுத்துன்னு ஒரு துண்டுப் பேப்பர்கூட இல்லடா"ன்னு அப்போ ஒரு தடவை போனில் சொன்னான். நான் "அடடா"ன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல?

பரணில் அந்த நோட்டைத் திறந்தபோதுதான் உறைத்தது. பக்கத்துக்குப் பக்கம் என் கோணல் தமிழுக்குப் பக்கத்தில், நீல இங்க்கில், ரோமன் எழுத்தில், திருத்தம். நான் 'குக்'னு எழுதியதன் கீழே கோடு போட்டு சரியான உச்சரிப்பு. உச்சரிப்பை ஏத்தணுமா இறக்கணுமான்னு காட்ட (பைத்தேயில் ஒரே சத்தம் ஏறினா ஒரு அர்த்தம், இறங்கினா இன்னொன்னு) குட்டிக் குட்டி அம்புக்குறி. மொத்தம் ஒன்பது பக்கம். அத்தனையும் அங்கிள் கையெழுத்து.

உடனே போட்டோ எடுத்தேன். ஒன்பது பக்கத்தையும் அனுப்பினேன். அட்டையை அனுப்பவில்லை.

ஏன்னு உங்களுக்குத் தெரியும். 'நேபாளி பாஷை'. அந்த அட்டையைக் கிழிச்சுடலாமான்னுகூட யோசிச்சேன். பதினேழு வருஷத்துக்கு முந்தைய சமாச்சாரம், யாருக்குத் தெரியப்போகுது? ஆனா அந்த அட்டையில் என் எழுத்துக்குக் கீழே நீல இங்க்கில் சின்னதாக ரெண்டு வார்த்தை இருந்தது. 'பைத்தே பாவ்'. 'பாவ்' என்றால் பேச்சு, மொழி. மனுஷன் நான் எழுதியதை அடிக்கவில்லை. சரியானதைக் கீழே எழுதி வச்சுட்டு விட்டுவிட்டார். எத்தனையோ தடவை அந்த நோட்டைத் திறந்து மூடியிருக்கிறேன், அதை நான் பார்த்ததே இல்லை.

அன்னிக்கு ராத்திரி லியானிடமிருந்து ஒரு வாய்ஸ் நோட் வந்தது. ஆன்ட்டி குரல். ஒவ்வொரு பக்கமாகப் படிக்கிறார், நடுவில் சிரிக்கிறார். லியான் பின்னாலிருந்து தமிழில் மொழிபெயர்க்கிறான் (இன்னும் அதே கிரவுண்டு தமிழ்!). ஆறாவது பக்கத்தில் நன்றி என்பதற்கு அங்கிள் 'கிபாக்' என்று எழுதியிருந்தார். ஆன்ட்டி அங்கே நிறுத்திட்டார். அவங்க பிறந்தது பர்மா எல்லையை ஒட்டிய கிராமம். அங்கே 'லுங்தாம்' என்றுதான் சொல்வார்களாம். கல்யாணமான நாளிலிருந்து இதே சண்டையாம். "கடைசி வரைக்கும் அவர் பேச்சைத்தான் சரின்னு எழுதி வச்சிருக்கார் பாரு"ன்னு சொல்லிச் சிரிச்சாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் ரெக்கார்டிங்கில் சத்தமே இல்லை.

எனக்கு எங்க வீட்டுக் கதை ஞாபகம் வந்தது. அப்பா விருத்தாசலம் பக்கம், அம்மா கும்பகோணம். கல்யாணமான புதுசில் அப்பா காலையில் "கொல்லைக்குப் போயிட்டு வரேன்"னு சொல்லிட்டுப் போனாராம். அம்மா ஊரில் கொல்லைன்னா வீட்டுப் பின்பக்கம், போறதுன்னா 'போறது'. அப்பா ஊரில் கொல்லைன்னா முந்திரிக்காடு, நிலம். சாயங்காலம் வரைக்கும் ஆளைக் காணோம்னு அம்மா பயந்துபோய் ஆயாவிடம் அழ, ஆயா விழுந்து விழுந்து சிரிச்சாங்களாம். அந்தக் கொல்லைக்கு ஒரு அகராதி இருக்கு. மணக்கொல்லைக்காரரான எழுத்தாளர் கண்மணி குணசேகரன் தனி ஆளாக 'நடுநாட்டுச் சொல்லகராதி' தொகுத்திருக்கிறார். எங்க ஆயா போன பிறகு அவங்க பேச்சைத் தேட எனக்கு ஒரு புத்தகம் இருக்கு. அங்கிளின் பேச்சைத் தேட லியானுக்கு இருப்பது ஒன்பது பக்கம்.

வாய்ஸ் நோட்டின் கடைசியில் லியான் சாதாரணமாகக் கேட்டான்: "அட்டையைக் காணோமே மச்சி? அதுல ஏதோ எழுதி வச்சிருந்தியே?"

அவனுக்கு ஞாபகம் இருக்கு. பதினேழு வருஷமா ஞாபகம் இருந்திருக்கு.

அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு போன் பண்ணினேன். "சாரிடா"ன்னேன். நீளமா யோசிச்சு வச்சிருந்தேன், வாயில் வந்தது அவ்வளவுதான். அவன் கொஞ்சம் நேரம் கழிச்சு, "அப்பா அன்னிக்கே பார்த்துட்டார். நான் அழுதேன். 'அவனுக்குப் பேர் தெரியலை, எழுதிக் கொடுத்தா படிச்சுக்குவான்'னு சொன்னார்"னான். அப்புறம் "நீ படிக்கவே இல்லையேடா"ன்னு சிரிச்சான். பெரிய மனசுக்காரன்னு எழுதினா சீப்பா இருக்கும். அவன் மன்னிச்சானான்னு எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

லியான் மனைவிக்கு இது எட்டாவது மாசம். அவங்க வழக்கப்படி மூத்த பையனுக்கு அப்பாவழித் தாத்தா பேர். முழுசாக இல்லை, தாத்தா பேரின் கடைசி அசையில் பேரன் பேர் ஆரம்பிக்கும். நம்ம பேரனும் தாத்தா பெயரைத் தாங்குகிற 'பெயரன்'தானே. நோட்டின் கடைசிப் பக்கத்தில் அங்கிள் விளையாட்டாக மூணு தடவை தன் முழுப் பேரையும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தக் கடைசி அசையின் எழுத்தைப் பெரிதாக்கி ஃப்ரேம் போடப்போகிறானாம்.

ஸ்கேன் மட்டும் அனுப்பிட்டு ஒரிஜினலை நான் வச்சுக்கலாம்னு ஒரு ஆசை இருந்தது, மறைக்கலை. டவுன்ஷிப்பில் என் சின்ன வயசுக்குச் சாட்சியாக மிச்சம் இருப்பதும் அதுதான். ரெண்டு நாள் கையில் வைத்திருந்துவிட்டு, சாவியை ஒப்படைத்த அன்றைக்கே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிட்டேன். அட்டையோடு.

பைத்தே என்ற பேருக்கே 'போகிறவர்கள்' என்று அர்த்தம் சொல்கிறார்கள். 'பய்' என்றால் போவது, 'தே' என்றால் பன்மை. காலி வீட்டைப் பூட்டிவிட்டு அப்பா, அம்மா, நான் மூணு பேரும் கேட்டில் நின்றபோது அது ஞாபகம் வந்தது. அம்மா "நாம கெளம்பலாமா?"ன்னாங்க.

பி.கு.: உங்க வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது நோட்டு இருந்தா, அட்டையின் கீழ்ப்பக்கத்தையும் ஒரு தடவை பார்த்துடுங்க.